நிழலுக்கு ஆட்சேபம் இல்லை

பேரளத்தூர் மாநகராட்சி திறந்த அரசாக மாறியபோது முதல் வேலையாக ஆணையர் அறைக் கதவைக் கழற்றினார்கள். அடுத்ததாகக் கோப்புகளைத் திறந்தார்கள். எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது, கூட்டத்தில் யார் என்ன பேசினார், யார் பேசாமல் முறுக்கு தின்றார் என்பது வரை எல்லாம் ‘திறந்தவெளி’ என்ற இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி வைக்கப்பட்டது. முதல் வாரம் ஊரே பார்த்தது. இரண்டாம் வாரம் முறுக்கு தின்றவரை மட்டும் பார்த்தது. அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. ஓர் இயந்திரம் மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் ஆண்டில் ‘புத்தாக்கப் பண்பாட்டு வாரம்’ வந்தது. ஊரில் யார் வேண்டுமானாலும் ஒரு யோசனை சொல்லலாம். நல்ல யோசனை யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் தானே ஆணையாகிவிடும். பொறியியல் கல்லூரியில் இதைக் கட்டாயமாக்கினார்கள். ஆளுக்கு ஒரு யோசனை, வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள். தராதவர்களுக்கு உள்மதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண் வெட்டு. மாணவர்கள் மனதில் புதுமை பொங்க இதைவிட நல்ல வழி கல்லூரிக்குத் தெரியவில்லை.

மூன்றே முக்கால் மணி வரை சேந்தன் மனதில் எதுவும் பொங்கவில்லை. அவன் மூன்றாம் ஆண்டு மாணவன். வகுப்பு வாட்ஸப் குழுவில் ‘வெட்டி அரசிதழ்’ என்று ஒரு கேலிப் பத்திரிகை நடத்திவந்தான். ‘விடுதிச் சட்னியில் தேங்காய் இருப்பதாகப் பரப்பப்படும் வதந்தியை நிர்வாகம் வன்மையாக மறுக்கிறது’ என்ற ரகத்தில், அச்சு அசல் அரசாணை நடையில், சிரிப்பின் சுவடே தெரியாமல் எழுதுவான். மீதமிருந்த பதினைந்து நிமிடத்தில் அதே நடையில் ஒன்றை எழுதித் தளத்தில் போட்டான்.

“பொருள்: குறைகளைக் குறைத்தல் தொடர்பாக. மாநகராட்சிக்கு வரும் புகார்களில் நாற்பது விழுக்காடு, சுமார் முந்நூறு பேரிடமிருந்தே திரும்பத் திரும்ப வருகிறது. மேற்படி நபர்களை ஊர் எல்லைக்கு வெளியே தனிக் குடியிருப்பில் அமர்த்தி, அங்கே மனுப்பெட்டி, குறைகேட்பு, கணக்கெடுப்பு ஆகிய எதுவும் வைக்காதிருப்பின் ஊரின் குறைகள் ஒரே நாளில் நாற்பது விழுக்காடு குறையும். தேவைப்படும் வாகனம்: பேருந்து.”

எழுதும்போது அந்த முந்நூறு பேரில் ஒருவர் முகம் மட்டும் அவன் கண்முன் தெளிவாக இருந்தது. அவன் அப்பா.

அமிர்தகடேசன் பெருமாள் கோயில் வடக்குத் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். திங்கள்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று மாநகராட்சியில் குறைதீர்க்கும் நாள். பதினோரு ஆண்டுகளில் நூற்று நாற்பத்து மூன்று மனு கொடுத்திருந்தார். சாக்கடை மூடி, பகலில் எரியும் தெருவிளக்கு, இரவில் எரியாத அதே தெருவிளக்கு. வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் எதிர்வீட்டுத் தையல்காரர் மரியசூசை மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்.

“இவனுவ குடிதண்ணி டேங்குல நான் எறங்கிக் குளிக்கிறேன்டா! அப்பவாவது ஒருத்தன் வந்து எட்டிப் பாக்குறானான்னு பாப்போம்!”

“நீங்க குளிக்கிறதே வாரத்துக்கு ரெண்டு நாளு. அதுக்குத் தண்ணித் தொட்டி கேக்குதாக்கும்” என்பார் அம்மா தையல்நாயகி, அடுப்படியிலிருந்து.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சேந்தனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. “வாழ்த்துகள், புத்தாக்கர் சேந்தன்! தங்கள் யோசனை மக்கள் கருத்துக்கேட்பில் ஒருமனதாக ஏற்கப்பட்டு ஆணையாகிவிட்டது.” கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர் கொண்ட பட்டியல். ஏழாவது பெயர் க. அமிர்தகடேசன். வியாழக்கிழமை காலை பேருந்து வரும். ஆளுக்கு இரண்டு பை. இடம், எல்லைக்கு அப்பால் பழைய செங்கல் சூளை மேடு.

அதே செய்தி அப்பாவின் கைப்பேசிக்கும் வந்திருந்தது.

“எவன்டா இது? எந்தத் தறுதல எழுதுனது? அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், அவனத் தூக்கி...” அவர் விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். திறந்த அரசு அல்லவா, யோசனை சொன்னவர் பெயரும் ஊரும் தகப்பனார் பெயரும் அடியில் ஒழுங்காக இருந்தன. அவர் விரல் நின்றது. எதிர்வீட்டில் மிஷினும் நின்றது.

“வெளாட்டுக்கு எழுதுனதுப்பா” என்றான் சேந்தன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்க” என்றார். அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் சேந்தனுக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

திங்கட்கிழமை இருவரும் மாநகராட்சிக்குப் போனார்கள். கதவில்லாத அறைகளைத் தாண்டி, ‘விளக்க அலுவலர்’ என்று பலகை வைத்திருந்த மேசைக்கு வந்தார்கள். ஜெசிந்தா என்ற பெண்மணி இருந்தார். இருபது வருடம் கோப்பு பார்த்தவர். இப்போது கோப்பை இயந்திரம் பார்க்கிறது. இயந்திரம் ஏன் அப்படிச் செய்தது என்று வருகிறவர்களுக்குச் சொல்வது இவர் வேலை.

“அது கிண்டல் மேடம். வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“கிண்டல்னு எங்க தம்பி எழுதியிருக்கு? நானும் ரெண்டு தடவ படிச்சேன். எங்க சர்க்குலர் மாதிரியேதான் இருக்கு.” அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. “வாபஸ் முடியாது. திறந்தவெளில ஏறுனது ஏறுனதுதான். யாரும் ரகசியமா அழிச்சிடக் கூடாதுன்னுதான அந்தச் சட்டமே.”

“சரி, கருத்துக்கேட்புன்னு போட்டிருக்கே, யார்கிட்ட கேட்டீங்க? எங்ககிட்ட யாரும் கேக்கலியே.”

“நிழல்கிட்ட.” தினம் பத்துப் பேருக்குச் சொல்லிப் பழகிய வேகத்தில் சொன்னார். “இந்த ஊர் மாதிரியே இயந்திரத்துக்குள்ள ஒரு நிழல் ஊர் இருக்கு. ஒங்க தெரு, ஒங்க வீடு, நீங்க, எல்லாருக்கும் அதுல ஒரு நிழல். எந்த யோசன வந்தாலும் மொதல்ல அங்க நடத்திப் பாக்கும். ஆட்சேபம் உண்டான்னு ஒவ்வொரு நிழல்கிட்டயும் கேக்கும். முன்னாடி முப்பது நாள் ஆகும் கருத்துக்கேட்பு. இப்ப நாலு செகண்டு.”

“எங்கப்பா நிழல் என்ன நெனைக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“அவர் குடுத்த மனுவ வச்சுத்தான். நூத்தி நாப்பத்தி மூணு மனு, எல்லாம் கைப்பட எழுதுனது. அதவிட ஒரு மனுசன வேற எப்படித் தெரிஞ்சிக்கிறது?” அவர் திரையைத் திருப்பினார். “சாரோட நிழல் சொன்னது இதான்.”

‘மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு வணங்கி எழுதிக்கொள்வது. ஐயா அவர்கள் எங்கள் நலன் கருதி எடுக்கும் முடிவு எதுவாயினும் அடியேன் அதனைத் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள...’

சேந்தன் அதை மறுபடி படித்தான். இது அப்பாவின் எழுத்து நடையேதான். ஒரு சொல் பிசகவில்லை. இந்த ஊரில் எவன் வீட்டில் பேசுவதுபோல மனு எழுதுகிறான்? வீட்டில் புலியாக இருப்பவன்கூடக் காகிதத்தை எடுத்ததும் ஐயா, சமூகம், தாழ்மை, ஆவன செய்யுமாறு. தலைமுறை தலைமுறையாக எழுதிய நடை. இயந்திரம் அதை ஒரு வரி விடாமல் நம்பியிருக்கிறது. நம்பி, ஊர் முழுக்கக் கைகட்டி நிற்கும் நிழல்களைச் செய்து வைத்திருக்கிறது.

“முந்நூத்திப் பன்னண்டு பேர்ல எத்தன நிழல் எதுத்துச்சு மேடம்?”

“ஒண்ணுகூட இல்ல. இதுவரைக்கும் எந்த ஆணைக்குமே எதுத்ததில்ல.” அவர் அப்பாவைப் பார்த்தார். “சார், நேர்லயே கேக்குறேன். கேமராவுல பதிவாகும். ஒங்களுக்கு ஆட்சேபம் இருக்கா?”

சேந்தன் திரும்பினான். அப்பா எப்போது தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார் என்று அவன் கவனிக்கவில்லை. முதுகு லேசாக வளைந்திருந்தது.

“மேடம் பாத்து எது செஞ்சாலும் சரிதாங்க” என்றார் அப்பா.

“அப்பா!”

“இல்ல... அதிகாரிங்க கேக்குறப்ப...” அவருக்கே அது திகைப்பாக இருந்தது.

ஜெசிந்தா பெருமூச்சு விட்டார். “புதன்கிழம அஞ்சு மணிக்குள்ள ஆட்சேப மனு ஒண்ணு குடுங்க சார். உங்க கையால, உங்க மொழியில. அத வச்சு நிழல் மாறும். நிழல் எதுத்துச்சுன்னா அந்த ஆள அனுப்ப முடியாது. வேற வழியில்ல.”

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் முதுகு நிமிர்ந்துவிட்டது. “எழுதுறேன் பாரு! நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி எழுதுறேன்! எவன் எடத்த எவன் காலி பண்றது?” சேந்தன் காகிதத்தை நீட்டினான். அப்பா பேனாவைத் திறந்தார். அடுத்த நொடி வலது மூலையில் தேதியும் இடது மூலையில் ‘அனுப்புநர்’ என்பதும் வந்து உட்கார்ந்தன. அதன் கீழே, தானாகவே வந்ததுபோல, ‘ஐயா’.

“ஐயாவ எடுங்கப்பா.”

“ஐயா இல்லாம எப்படிரா மனு ஆரம்பிக்கிறது? மொட்டையா இருக்காது?”

முதல் மனுவை இயந்திரம் அளந்து சொன்னது: ஆட்சேபம் நான்கு விழுக்காடு, பணிவு தொண்ணூற்றாறு. இரண்டாவதில் ஆட்சேபம் ஆறானது. மூன்றாவதில் ஒரு நல்ல வசவு எழுதினார். பிறகு அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘பிழை பொறுத்தருள்க’ என்று போட்டார். ஆட்சேபம் மூன்றுக்கு இறங்கியது. சேந்தன் தானே ஒன்று எழுதி அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னான். ‘மொழி இவருடையது அல்ல’ என்று திரும்பி வந்தது.

செவ்வாய் சாயங்காலம் அம்மா இரண்டு பைகளை எடுத்து வைத்தார். எதை வைப்பது என்று தெரியாமல் குக்கரை ஒன்றில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

புதன்கிழமை காலையில் சேந்தன் கைப்பேசியைப் பதிவில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு இட்லிக்கு உட்கார்ந்தான்.

“ஏம்ப்பா, யோசிச்சுப் பாத்தா மாநகராட்சி மேலயும் தப்பு இல்ல. நீங்களும் சும்மா சும்மா மனு போட்டா அவங்கதான் என்ன பண்ணுவாங்க?”

பதினோரு நிமிடம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டார். எதிர்வீட்டு மரியசூசை வாசலுக்கே வந்து நின்று கேட்டார். ஆணையரின் கதவில் தொடங்கி, கதவைக் கழற்றிய தச்சன், கழற்றச் சொன்ன சட்டம், சட்டத்துக்குக் கைதட்டிய ஊர் எல்லாவற்றையும் அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ‘நான் எங்கயும் போவ மாட்டேன், எவன் வரான்னு பாக்குறேன்’ என்பதில் முடித்தார். சேந்தன் அந்தப் பதிவைத் தளத்தில் ஏற்றி ஒரு குறிப்பு எழுதினான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கேலியில்லாமல் எழுதினான். “இதுதான் என் அப்பாவின் மொழி. மனுவில் இருப்பது அவர் அல்ல. எங்களை நாங்கள் வீட்டில் பேசுவதை வைத்துத்தான் அறிய முடியும்.”

நான்கு நொடியில் பதில் வந்தது. புதிய சான்று ஏற்கப்பட்டது. நிழல் திருத்தப்பட்டது. ஆட்சேபம் தொண்ணூற்றேழு விழுக்காடு. பட்டியலில் ஏழாவது பெயர் மறைந்தது.

வியாழக்கிழமை பேருந்து முந்நூற்றுப் பதினொரு பேரை ஏற்றிக்கொள்ள எட்டு நடை வந்துபோனது. ஒருவரும் கத்தவில்லை. ஓட்டுநருக்கு வணக்கம் சொல்லி ஏறினார்கள். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சேந்தன் அவர் பக்கத்தில் நின்றான். அன்று ராத்திரி சாப்பாட்டில் அம்மா அப்பளம் பொரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டாவது செய்தி வந்தது.

“வாழ்த்துகள், புத்தாக்கர் சேந்தன்! மனுவைவிட வீட்டுப் பேச்சே குடிமக்களின் உண்மையான கருத்து என்ற தங்கள் யோசனை ஆணையாகிறது. எல்லைக்குட்பட்ட எல்லா வீடுகளிலும் கைப்பேசிகள் வழியாக ‘இல்லக்குரல்’ இன்று முதல் கேட்கப்படும். இனி எவரும் மனு எழுதிச் சிரமப்பட வேண்டியதில்லை. வீட்டிலும் குறைகூறும் வழக்கம் உள்ளவர்கள் முந்தைய ஆணைப்படி அமர்த்தப்படுவார்கள்.”

கருத்துக்கேட்பு விவரம் அடியில் இருந்தது. நிழல்கள்: இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம். ஆட்சேபம்: ஒன்று. க. அமிர்தகடேசன். அவர் சொற்கள் அவைமரபுக்கு ஒவ்வாதவை என்பதால் பதிவிலிருந்து நீக்கப்பட்டன.

ஞாயிற்றுக்கிழமை மரியசூசை சாப்பிடும்போது கொசுவைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அவர் வீட்டு வாசலில் பேருந்து நின்றது. அதன்பின் தெருவில் சத்தம் வடிந்துவிட்டது. குக்கர் விசில், மிக்சி, டிவி. மனிதக் குரல் மட்டும் இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை கண்ணாலேயே நடந்தது. குழந்தை அழுதால் பெரியவர்கள் ஓடிப்போய், “பாப்பா பசிக்கு அழுவுது, வேற ஒண்ணுமில்ல” என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்கள். மாத இறுதியில் ஊரின் குறைகள் தொண்ணூற்றொரு விழுக்காடு குறைந்ததாக அறிவிப்பு வந்தது. சேந்தனின் கல்லூரி வாசலில் அவன் படம் போட்டுப் பெரிய பேனர் கட்டினார்கள். ‘வெட்டி அரசிதழ்’ நின்றுபோயிருந்தது. அதைப் படித்துச் சிரிக்க வகுப்பில் யாருக்கும் துணிவில்லை.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சாக்கடை பொங்கி வாசலுக்கு வந்த நாளில் ஒரு வாளி எடுத்து மொண்டு தெருமுனையில் ஊற்றினார். திரும்பி வந்தார். மறுபடி மொண்டார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஒரு மதியம் கடைக்கு வரும்படி சேந்தனுக்குக் கையால் சைகை காட்டினார். கடையில் பழுது பார்த்த மூன்று மோட்டார்களையும் ஒன்றாக ஓடவிட்டார். இரைச்சலில் மேசை அதிர்ந்தது. கைப்பேசிகளை மோட்டார் மேலேயே வைத்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

“நான் சூளமேட்டுக்குப் போறேன்டா.”

“என்னப்பா சொல்றீங்க? ஒங்களக் காப்பாத்தத்தான நான் இவ்வளவும்...”

“காப்பாத்துன. இல்லேங்கல. என் ஆட்சேபம் பதிவுல இருக்கு, என்னைய ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா நான் வாயத் தொறந்தா ஒங்கம்மா பேரு, ஒம்பேருன்னு சேத்துக்குவானுவ. பேசாம இருந்து பாத்தேன். நெஞ்சு அடைக்குதுடா.” அவர் மூச்சு வாங்கினார். “மரியசூசை ஆள்விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கான். அங்க மனுப்பெட்டி இல்லையாம், கணக்கெடுப்பு இல்லையாம். எதுவும் கேக்காதாம். நாள் முழுக்கக் கத்துறானுவளாம், ஒருத்தனுக்கொருத்தன். தண்ணி இல்ல, லைட்டு இல்ல. ஆனா தண்ணி இல்லன்னு சொல்லலாமாம்.”

“அது நான் கிண்டலுக்கு எழுதுனதுப்பா. அதுல எதுவும் வைக்கக் கூடாதுன்னு எழுதுனதே...”

“கிண்டலோ நெசமோ. இந்த மூணு வருசத்துல போட்ட ஆணையில உருப்படியா ஒரு வரின்னா அதான்.”

அவர் கொடுத்த கடைசி மனுவில் ஐயாவும் இல்லை, சமூகமும் இல்லை. ‘என்னை அனுப்புங்கள். க. அமிர்தகடேசன்.’ அதை வாங்கிக்கொண்ட ஜெசிந்தா கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டில் எதையோ எழுதி அப்பாவிடம் நீட்டினார். வெளியே வந்து சேந்தன் படித்தான். ‘அங்கே ஓர் அறை கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா?’

அம்மாவும் கிளம்பிவிட்டார். “இவரு அங்க போயி யாருகிட்டக் கத்துவாரு?” என்று மோட்டார் இரைச்சலில் சொன்னார். சேந்தனும் விண்ணப்பித்தான். நான்கு நொடியில் பதில் வந்தது. “தங்களைப் போன்ற புத்தாக்கர்கள் ஊருக்கு இன்றியமையாதவர்கள். வருந்துகிறோம்.”

எல்லைக் கல் வரைக்கும் அவன் ஆட்கள் நிறைந்த அந்தப் பேருந்தில் வர அனுமதித்தார்கள். இறங்கி நின்றான். சன்னலோரம் அப்பா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கையசைக்கவில்லை. பேருந்து நகர்ந்தது. முன்சக்கரம் கல்லைத் தாண்டியது, பின்சக்கரம் தாண்டியது. வெயில் மட்டும் இருந்தது.

பிறகு அந்தக் குரல் எழும்பியது.

“டேய் சேந்தா! அறிவுகெட்டவனே! வெளாட்டுக்கு எழுதுறானாம் வெளாட்டுக்கு! எலேய், வேளாவேளைக்குச் சாப்புடு! கடச் சாவி பீரோ மேல இருக்கு! மூணாவது மோட்டார்ல பேரிங் சத்தம் வருது, அதப் பாக்காம எவனுக்கும் குடுத்துத் தொலச்சிடாத! கேக்குதாடா?”

ஒவ்வொரு சன்னலிலிருந்தும் ஒரு தலை நீண்டது. எல்லாத் தலைகளும் கத்தின. எவனையோ, எதையோ, மாதக்கணக்கில் விழுங்கி வைத்திருந்ததையெல்லாம். பேருந்தே கத்திக்கொண்டு போவதுபோல இருந்தது. சேந்தன் கல்லை நோக்கி ஓர் அடி வைத்தான். கேக்குதுப்பா என்று சொல்ல வாயைத் திறந்தான்.

சட்டைப்பையில் கைப்பேசி மெல்ல அதிர்ந்தது. இதமான பெண் குரல் கேட்டது. “வணக்கம், புத்தாக்கர் சேந்தன். தங்கள் இதயத் துடிப்பு கூடியிருக்கிறது. ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?”

அவன் கல்லைப் பார்த்தான். நான்கு அடிதான் இருக்கும். தூசி அடங்கிக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்லீங்கய்யா” என்றான்.